மடக்கு நாற்காலியும் மரியாதை உரையும்

டாஃப்னி அந்த உரையைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்திருந்தாள். 'இது விராஜுரி மக்களின் மண். இந்த மண்ணின் பெரியவர்களை வணங்குகிறோம்' என்று உருகி உருகிச் சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கும். தன் பேச்சுக்குத் தானே அழுகிற ஜன்மம் ஊரில் தான் ஒருத்திதான் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, மறுநாளும் அழுவாள்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பூங்கா வரை ஆண்டுதோறும் போகும் நல்லிணக்க நடையில் இந்த முறை அவளுக்கு ஒரே கவலை, நோரீன் ஆன்ட்டி. ஆஸ்திரேலியாவின் அந்தப் பகுதிக்குப் பூர்வகுடிகளான விராஜுரி மக்களின் பெரியவர். மண்ணுக்கு உரியவர் என்ற முறையில் எல்லோரையும் வரவேற்க வேண்டியவர் அவர்தான். போன ஆண்டு வரவேற்றுவிட்டு, நடக்க முடியாமல் பின்தங்கி, பாதி வழியில் வீட்டுக்குப் போய்விட்டார். பேனரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போன டாஃப்னிக்கு அது தெரிந்தது பூங்காவில் சாசேஜ் தின்று முடித்த பிறகுதான். அந்த வெட்கம் அவளை விடவே இல்லை. வீடு தேடிப் போய்க் கெஞ்சினாள்.

"வரேன் வரேன், அழாதே" என்றார் ஆன்ட்டி. "இந்தத் தடவையும் விட்டுட்டுப் போனீங்க, அடுத்த வருஷம் நடக்க வேற மண்ணைப் பார்த்துக்கோங்க."

அங்கே குளிர்காலம் தொடங்கும் மே மாதக் கடைசி. புல்லெல்லாம் உறைபனி. ஆன்ட்டி நாலு வார்த்தையில் வரவேற்று முடித்தார். அடுத்து மைக்கைப் பிடித்த டாஃப்னி விடுவதாக இல்லை. பெரியவர்களின் பொறுமையை வணங்கினாள், அவர்கள் சுமந்த பாரத்தை வணங்கினாள். அந்தப் பெரியவரோ பக்கத்திலேயே, வலிக்கிற முழங்காலோடு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"அம்மாடி, நீ பண்ணின மரியாதை போதும்" என்று ஆன்ட்டி சொன்னது மைக்கில் ஊருக்கே கேட்டது. "உட்கார ஏதாவது இருக்கா?"

இல்லை. மைக் இருந்தது, பேனர் இருந்தது, சாசேஜுக்கு வெங்காயம் மூட்டையாக இருந்தது. நாற்காலி மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கூட்டம் சிரித்தது. டாஃப்னிக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போலிருந்தது.

அவள் கணவன் கெவின் காரிலிருந்து தன் மீன்பிடி நாற்காலியை எடுத்து வந்தான். "இத்தனை மீட்டிங் போட்டீங்களே, எல்லாம் உட்கார்ந்துதானே போட்டீங்க?"

டாஃப்னி பேனரை அவன் கையில் திணித்துவிட்டு நாற்காலியைத் தான் வாங்கிக்கொண்டாள். மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆன்ட்டி நடந்தார், உட்கார்ந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். டாஃப்னி நாற்காலியை விரிப்பதும் மடக்குவதுமாகப் பின்னாலேயே போனாள். பாலத்தின் நடுவில் ஆன்ட்டி மறுபடி உட்கார்ந்தபோது பேனர் அக்கரையை எட்டிவிட்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன ஆண்டு தன் முதுகு இவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பது டாஃப்னிக்கு அப்போதுதான் உறைத்தது. இரு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"யோவ், நில்லுங்கய்யா!"

பாலமே அதிர்ந்தது. மொத்தக் கூட்டமும் நின்று திரும்பியது. பேனரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கெவின் திரும்பி ஓடி வந்தான்.

ஆன்ட்டி நிதானமாகக் காலை நீட்டிக்கொண்டார். "காலையில இதை மட்டும் பேசியிருந்தா போதுமே, அம்மாடி."