மீசைப் பந்தயம்

வேதநாயகி தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு, நடுக்கூடத்தில் கிடத்தியிருந்த கணவனின் மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டாள். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போதும்மா," என்றாள் மகள் தீபா.

"இருடி. மீச தொங்கிப்போச்சுன்னா மேல போயும் என்னத்தான் திட்டுவாரு."

சுற்றியிருந்த பெண்கள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள். ஜெகதீசன் கட்கி ஊர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணெய்ப் பைத்தியம். மீசை, சைக்கிள் செயின், கதவுக் கீல், எது கண்ணில் பட்டாலும் ஒரு சொட்டு விடாமல் நகரமாட்டார். அவர் போனதுகூட எண்ணெய் போட்ட கதவு மாதிரிதான், தூக்கத்தில், சத்தமே இல்லாமல்.

ஓய்வுக்குப் பிறகு அவரைப் பிடித்த பேய், சூடான காற்றில் ஓடும் இன்ஜின். தீபா நெட்டில் படித்துச் சொல்லச்சொல்ல, வேதநாயகியின் சமையலறை டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. டப்பாவுக்கு அடியில் சூடு, மேலே குளிர்ச்சி. உள்ளே காற்று விரிந்து சுருங்க, கம்பி ஏறி இறங்கி, பழைய சிடியில் செய்த சக்கரம் சுற்ற வேண்டும். உள்ளிருக்கும் உருளை சுவரில் உரசக்கூடாது என்று தீபா சொன்னதற்குத் தலையாட்டினார். சக்கரம் ஒரு பக்கம் கனக்கக்கூடாது என்றதற்கும் ஆட்டினார். கம்பிக்கு எண்ணெய் விடாதீர்கள், இத்தனை சின்ன இன்ஜினை அந்தப் பிசுக்கே பிடித்து நிறுத்திவிடும் என்றபோதுதான் வந்தது வினை.

"எண்ணெ இல்லாம மெஷினா? அப்ப ஃபேக்டரில நாப்பது வருஷம் நான் பஜனையா பண்ணேன்? எண்ணெ போடாம அது ஓடிச்சுன்னா இந்த மீசைய எடுத்துர்றேன்!"

பக்கத்து வீட்டு ஜான் பந்தயத்துக்குச் சாட்சி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சக்கரம் அரைச்சுற்று சுற்றும், நிற்கும். ஜெகதீசன் இன்னொரு சொட்டு விடுவார். ஒரே ஒரு தடவை எண்ணெய் இல்லாமல் பார்க்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமைகூடத் தீபா கெஞ்சினாள். "நான் போனப்புறம் பாத்துக்க," என்று சிரித்தார்.

அவரைத் தூக்கிப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். கொல்லையில் பாத்திரங்கள் ஊறிய வெந்நீரைப் பார்த்துத் தீபா அலறினாள்.

"அம்மா! அது அப்பா இன்ஜின்!"

"என் ரவா டப்பாடி அது. சாவு வீட்ல ஒண்ண மட்டும் கழுவாம வெக்கலாமா? எத்தன வருஷத்துப் பிசுக்கு!" சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்தாள்.

காலையிலிருந்து அழாத தீபா அப்போதுதான் அழுதாள். அப்பா தொடவே விடாத கம்பி அங்கே பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம், அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் வேதநாயகி விளக்கேற்றினாள். தீபாவின் கண், தான் மறுபடி பூட்டி அலமாரியில் வைத்திருந்த டப்பா மேலேயே இருந்தது. ஓடுமா? யார் சொன்னது சரி? இன்றைக்குப் போய் இப்படி நினைப்பதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"என்னடி பாக்குற? எடுத்து வெய்யி."

"இந்த வெளக்கு மேலயாம்மா?"

"அவருக்குத்தான ஏத்தினேன்? அவரு என்னிக்கு நாளும் கெழமையும் பாத்தாரு?"

இரண்டு செங்கல்மேல் டப்பாவை வைத்து, மேல்தட்டில் குளிர்ந்த நீர் ஊற்றினார்கள். அடி நன்றாகச் சுடும்வரை பொறுத்திருந்து தீபா சிடியை விரலால் தட்டினாள். அரைச்சுற்று. வழக்கமாக நிற்கும் இடத்தில் தயங்கியது. பிறகு தாண்டியது. அப்புறம் நிற்கவே இல்லை.

தீபா கைதட்டியேவிட்டாள். சுடுகாட்டிலிருந்து ஈரத் தலையோடு வந்த ஜான் வாசலிலேயே நின்றார்.

"அரே, ஓடுது! எண்ணெ?"

"ஒரு சொட்டு இல்ல மாமா!"

ஜான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமலே சிரித்தார். "அப்ப பந்தயம்?"

வேதநாயகி எழுந்து மாலை போட்டிருந்த படத்திடம் போனாள். ஒரு விரலை நீட்டிக் கணவனின் மீசையை மறைத்தாள். தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்காரு," என்றாள். விரலை எடுக்கவில்லை.