பெமிலாவின் எட்டு வயது இதயம்

கர்ப்பிணியான பெமிலாவுக்கு அப்போது ஆறாம் மாதம். நாகர்கோவிலில் எக்கோ எடுத்த இதய டாக்டர், திரையிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டார்: “எட்டு வயசுல ஓட்டையை அடைச்சாங்கன்னு சொன்னீங்களே, அந்தப் படம் ஏதாவது இருக்கா? சுவர்ல ஒரு தடிப்பு தெரியுது. அப்பவே இருந்ததா, புதுசான்னு எனக்குத் தெரியணும்.”

ஆபரேஷன் நடந்தது திருவனந்தபுரத்தில். பத்து வருஷத்துக்கு முந்தைய படங்களை வைத்திருப்பதில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் மணவாளக்குறிச்சியில், அவளுடைய அப்பா செல்வதாஸின் அலமாரியில் ஒரு சிடி இருந்தது. அதன்மேல் மார்க்கரில் அவள் பெயரும் 12-06-2009 என்ற தேதியும். மணல் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற செல்வதாஸ், பதினாறு வருஷமாக அதைப் பத்திரமாக வைத்திருந்தாரே தவிர, ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. பயம்.

பெமிலா குழித்துறைப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்தாள். அங்குள்ள கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டதும் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தது. படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும். அந்தப் படங்கள் ஓட ஜாவா பிளக்-இன் என்ற துணை மென்பொருள் வேண்டும். இப்போதைய பிரவுசர்கள் எதுவும் அதை ஏற்பதில்லை. அவளுக்கு அப்பா வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. கல்லூரி நாட்களில் அதில் ஜாவா போட்டவளே அவள்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் மகளும் அதன்மேல் கிடந்த பெட்ஷீட்டை விலக்கினார்கள். சுவிட்சைப் போட்டதும் அது ஒருமுறை கூவி, கறுப்புத் திரையில் எதையோ கேட்டு நின்றது. பெமிலா ஒரு பட்டனை அழுத்தினாள். மூன்று நிமிஷம் கழித்து உயிர் வந்தது. சிடியைப் போட்டாள். கட்டத்துக்குள் ஜாவாவின் சின்னம் சுற்றியது. செல்வதாஸ் நாற்காலியை நெருக்கிப் போட்டார். சுற்றி முடிந்து, ‘தடுக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது.

“சவத்த, நாலு தட்டுத் தட்டிப் பாரு மக்கா.”

“இது மோட்டார் இல்லப்பா. சும்மா இரிங்க.”

பெட்டியில் இருந்ததை அவள் நிதானமாக வாசித்தாள். படத்தை ஓட்டும் புரோகிராமுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அது இன்னும் அமலுக்கு வரவில்லையாம். கீழே மூலையில் கடிகாரத்தைப் பார்த்தாள். 2002, ஜனவரி ஒன்று. உள்ளிருந்த பேட்டரி செத்துப்போய், கம்ப்யூட்டர் தன் முதல் நாளுக்குத் திரும்பியிருந்தது. இன்றைய தேதியைப் போட்டுவிட்டு மறுபடி திறந்தாள். இப்போது வேறு பதில்: சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது.

“அப்போ அவ்வளவுதானா?” என்றார் செல்வதாஸ்.

அவள் அந்தப் பெட்டியை மறுபடி வாசித்தாள். இ-சேவை மையத்தில் தாசில்தாரின் டிஜிட்டல் கையெழுத்தும் தேதி பிசகி இப்படி எத்தனையோ தடவை மல்லுக்கட்டியிருக்கிறது. இந்தச் சான்றிதழ் 2002-இல் பிறக்கவில்லை, இன்று செத்துவிட்டது. நடுவில் அது உயிரோடு இருந்திருக்குமே! சிடியின் மேலிருந்த தேதியைப் பார்த்து, கடிகாரத்தை 2009 ஜூன் பன்னிரண்டுக்குத் திருப்பினாள்.

சின்னம் சுற்றியது. நின்றது. திரை இருண்டது.

அந்த இருட்டில் மூடுபனிக்குள் அடித்த டார்ச் வெளிச்சம்போல ஒரு விசிறி விரிந்தது. அதற்குள் ஏதோ ஒன்று திறந்து மூடியது. மறுபடி திறந்தது. மேலே அவள் பெயர், வயது எட்டு. கீழே நூற்று நான்கு என்று துடிப்பின் எண்.

“இது நீயா?” செல்வதாஸின் குரல் இறங்கிவிட்டது.

“ஆமாப்பா. நான்தான்.”

சிவப்பும் நீலமுமாக ரத்தம் பாய்ந்தது. நடுச்சுவரில் ஓர் இடைவெளி. ஒவ்வொரு துடிப்பிலும் அதன் வழியே சிவப்பு ஒரு தீநாக்குபோல அடுத்த அறைக்குள் நீண்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஓட்டையை வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை கடற்கரையில் ஓடித் திரிந்தாள்!

பெமிலா அடுத்த படத்தைத் திறந்தாள். ஆபரேஷனுக்குப் பின் எடுத்தது. அதே சுவர், இடைவெளி இல்லை. அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, சுவரோடு சேர்ந்து அசைந்தது. ரத்தம் அதன்மேல் மோதி, திரும்பித் தன் வழியே போனது.

முப்பது வருஷம் மெஷின்களைக் கழற்றி மாட்டிய மனிதர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஓடிட்டு இருக்குறத நிறுத்தி, தைச்சு, மறுபடி ஓட விட்டிருக்கான். மனுஷன்தானா அவன்?” பிறகு சத்தமில்லாமல், “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றார். சமையலறையை நோக்கித் திரும்பிக் கூப்பிட்டார். “ஜெயபாய், இஞ்ச வா. உன் மகளுக்க இதயம் ஓடுகு, வந்து பாரு!”

கோப்புகளைப் பிரித்தெடுக்க வழியில்லை. அதனால் பெமிலா போனைத் திரைக்கு நேராகப் பிடித்து, எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள்.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் போனார்கள். டாக்டர் அதைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் நிறுத்தினார். “தடிப்பு இதுதான். தையல் போட்ட விளிம்பு. அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, சுகப்பிரசவத்துக்கே போகலாம்.”

அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் போனைத் திருப்பிக் கொடுக்காமல், வீடியோவை முதலிலிருந்து இன்னொரு தடவை ஓடவிட்டார். மூன்று பேரும் பார்த்தார்கள்.