ஒரே பூச்சுச் சுண்ணாம்பு

வாசல் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் சண்முகப்பிரியா நகத்தால் சுரண்டினாள். பசை காயவில்லை, ஆனாலும் தாள் வரமாட்டேன் என்றது.

"ஏம்மா கிழிக்கிற?" என்றான் ஜெயபிரகாஷ். செத்துப்போன அண்ணன் குணசீலனின் கூட்டாளி. போஸ்டர் அடித்ததும் அவன்தான்.

"மீனை எதுக்குங்கண்ணா போட்டீங்க?"

"அவன் வரைஞ்சதுலயே அதான் நல்லாருந்துச்சு. வேற எதைப் போடறது?"

அறிவு கெட்ட மனுஷன். அண்ணன் படத்துக்குப் பக்கத்தில், வயிறு கிழிந்து சிவப்புச் சாயம் ஒழுகும் அந்த மீன். எதிரே சாயப்பட்டறையின் காம்பவுண்டுச் சுவரில் யாரோ வரைந்துவிட்டார்கள் என்று முதலாளி போலீஸ் வரைக்கும் போன மீன். அப்பா நாச்சிமுத்து அங்கேதான் மேஸ்திரி. குடியிருக்கும் வீடும் பட்டறையுடையது. 'நம்ம ஆளுக யாரும் இல்லீங்க' என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, அவரே அதன்மேல் ஒரு பூச்சு சுண்ணாம்பு அடித்தார். அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வரைந்தது அவன்தான் என்று வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

திருட்டுத்தனமாக வரைந்தபோது அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலத்தில் மேம்பாலத் தூணில், அனுமதி வாங்கி வரைந்தபோதுதான் நேற்று சாரத்திலிருந்து விழுந்தான். நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார் வந்து நின்றது. முதலாளி மாலையோடு இறங்கினார். சண்முகப்பிரியா போஸ்டரை முதுகால் மறைத்து நின்றாள்.

"தலைமாட்டுல வந்து உக்காரு சாமி" என்று பெரியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

முதலாளி போஸ்டரைப் பார்த்தார். பறைக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"நாச்சிமுத்து, இது அந்த மீனுதான?"

அப்பா எழுந்து வந்தார். கண்ணாடி இல்லாததால் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார். அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

"எம் பையந்தானுங்க" என்றார். முதலாளி பக்கம் திரும்பி, "நல்லா வரைஞ்சிருக்கானுங்களா?" என்று கேட்டார்.

முதலாளி மாலையைக் கால்மாட்டில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

சுடுகாட்டிலிருந்து அப்பா ஈர வேட்டியும் ஈரத் துண்டுமாகத் திரும்பினார். வீட்டுக்குள் வராமல் எதிரே பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுபோனாள்.

"கால் கழுவிட்டு ஊட்டுக்குள்ள வாங்கப்பா."

அவர் நகர்ந்தார். ஈர முதுகு பட்ட இடத்தில் வெள்ளை மங்கி, உள்ளிருந்து சிவப்பாகக் கொஞ்சம் செதில் தெரிந்தது.

அப்பா திரும்பிப் பார்த்தார். செம்பை வாங்கினார். காலில் ஊற்றாமல் சுவரில் ஊற்றினார்.