இரண்டு தட்டு முந்திரி

கலர் சார்ட்டர் மெஷினின் சரிவுத் தகட்டில் முந்திரிப் பருப்பு சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. புள்ளி விழுந்ததும் கருகியதும் கேமராவைக் கடக்கும்போது, ஊசிபோல ஒரு காற்று பாய்ந்து அதை நீலத் தொட்டிக்குள் தள்ளும். ஆனால் மெஷினுக்குப் பார்வை சரியில்லை. நல்ல வெள்ளைப் பருப்பையும் சேர்த்தே தள்ளியது. தொட்டியருகே ஸ்டூலில் உட்கார்ந்து அந்த நல்லதைத் திரும்பப் பொறுக்கி எடுப்பதுதான் ஜைதூன் பீக்கும் தேசம்மாவுக்கும் வேலை.

மேற்கு மாம்பலத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் பின்சந்தில் இருந்தது அந்தக் கிடங்கு. முதலாளி ஹபீபுர் ரஹ்மான் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாதி நல்ல சரக்கு இதுலதான் கெடக்கு. இன்னிக்கு இன்ஜினீயர் வர்றாரு. நல்லது ஒரு தட்டு, கெட்டது ஒரு தட்டு பொறுக்கி வைங்க. அதைக் காட்டித்தான் மெஷினுக்குக் கத்துக்குடுப்பாராம்."

"அது கத்துக்கினா நாங்க இன்னா பாய் பண்றது?" என்றாள் தேசம்மா.

"உங்களுக்கும் கண்ணு நோவாம இருக்கும்ல!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தேசம்மாவுக்காவது பட்டினப்பாக்கத்தில் மாமியாரின் மீன் கூடை இருந்தது. ஜைதூன் பீ இதற்கு முன்னால் ரங்கநாதன் தெருவில் புடவைக் கடையில் இருந்தவள். காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்று நின்று வலது முட்டி தேய்ந்துபோனது. ஒருநாள் வலி பொறுக்காமல் புடவைக் கட்டின்மேல் உட்கார்ந்ததைக் கேமராவில் பார்த்து வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு உட்கார்ந்து செய்ய அவளுக்குக் கிடைத்த வேலை இது ஒன்றுதான்.

இரண்டு தட்டும் நிரம்பியதும் தேசம்மா குனிந்து கிசுகிசுத்தாள். "யக்கா, நல்லதுல ஒரு பிடி புள்ளி வச்சத கலந்துடு. கெட்டதுல கொஞ்சம் வெள்ளையப் போடு. மெஷினு கொயம்பிப்பூடும்."

"ஹராம்டீ அது."

"நம்ம வவுத்துல அடிக்கிறது மட்டும் ஹலாலா? பிரியாணி துன்னும்போதே கருகுன முந்திரியப் பொறுக்கி ஓரமா வைக்கிற கை உன்து. இன்னிக்கு ஒருநாள் அத சும்மா வுடு."

ஜைதூன் பீ வாசலைப் பார்த்தாள். பிறகு புள்ளி வைத்ததில் ஒரு பிடி அள்ளி நல்ல தட்டில் கலந்தாள். கெட்ட தட்டில் வெள்ளையைக் கலந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இன்ஜினீயர் குருபிரசாத் வந்ததும் தேசம்மாவை டீ வாங்க அனுப்பினார் முதலாளி. ஜைதூன் பீ தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குருபிரசாத் கேமராக் கண்ணாடியைத் துணியால் துடைத்தான்.

"காலுல என்னம்மா, வீங்கியிருக்கு?"

"முட்டி தேஞ்சி போச்சி சார்."

"எங்க அம்மாவுக்கும் இதேதான். ஆபரேஷன் பண்ணினோம். இப்ப மாடியெல்லாம் ஏறி எறங்கறாங்க."

"அப்டியா? வலி சுத்தமா போய்டுமா சார்? குந்தி எந்திரிக்க முடியுமா?" அவள் ஆசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் பேசியபடியே கண்ணாடியைத் துடைத்து முடித்தான். கை நீட்டித் தட்டுகளை வாங்கிக்கொண்டான்.

தேசம்மா டீயோடு திரும்பியபோது நல்ல தட்டு மெஷினில் ஓடி முடிந்து, கெட்ட தட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், இவ்ளோ சுத்தமான சாம்பிள் நான் எங்கயுமே பாத்ததில்ல" என்றான் குருபிரசாத். "நல்லதுல ஒரு புள்ளிகூட இல்ல. கெட்டதுல ஒரு வெள்ளகூட இல்ல."

தேசம்மா டீயை வைத்துவிட்டு ஜைதூன் பீயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்பக்கா பொறுக்குன?"

"தெர்லடீ." ஜைதூன் பீ விரல்களை விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் முந்திரித் தூள். "பேசிக்கினுதான் இருந்தேன். கலந்தத எல்லாம் கை அதும்பாட்டுக்குப் பிரிச்சிகீது."

தொட்டியைக் காலி செய்துவிட்டு மெஷினை மறுபடி ஓட்டினார்கள். ஹபீபுர் ரஹ்மான் நீலத் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி விளக்கடியில் பார்த்தார். அத்தனையும் கறுப்பு.

"மாஷா அல்லாஹ்!" என்றவர், பெண்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "இந்த வாரத்தோட நிறுத்திக்கலாம்மா. வேணும்னா போன் பண்றேன்."

"பாய், இந்தக் காத்துக் குழாய் தொங்குது பாருங்க" என்றான் குருபிரசாத். "மடங்கினா காத்து கொறஞ்சிடும். அடியில ஏதாவது முட்டுக் குடுங்க."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். "கொஞ்சம் எழுந்திரும்மா."

ஜைதூன் பீ சுவரைப் பிடித்து எழுந்தாள். அவளுடைய ஸ்டூலைக் குழாய்க்கு அடியில் தள்ளினார்கள். உயரம் சரியாக இருந்தது. அவள் இடதுகாலில் பாரத்தைப் போட்டு நின்றபடியே நீலத் தொட்டிக்குள் கையை விட்டாள். அடிவரை துழாவினாள். ஒரு வெள்ளைகூட அகப்படவில்லை.