தரையிலிருந்து ஒன்பது அங்குலம்

துருப்பிடித்த ஆணி ஐந்தாவது அடியில்தான் அசைந்தது. பிக்கப்பின் பின்பக்கத்துக்கு அடியில், ஈரத் தரையில் மல்லாந்து கிடந்த புஷ்பலதா சுத்தியலைக் கை மாற்றி இன்னும் ஒரு அடி அடித்தாள். ஆணி தெறித்து அவள் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது. பட்டறைக்குள், வழக்கமாக வெல்டிங் வேலை நடக்கும் பெஞ்சில், அவளுடைய அப்பா மாரிச்சாமி மாலையோடு கிடந்தார். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே அழுகை ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

"புஷ்பா, எந்திரிம்மா. சாவு வீட்டுல என்ன சுத்தியல் சத்தம்?" சித்தப்பா நல்லையா குடையோடு குனிந்து பார்த்தார்.

"கொக்கியத் திருப்பிப் போடணும் சித்தப்பா."

"நேத்து அப்படியேதானே ஓட்டிட்டுப் போன?"

 பின்வண்டியை மாட்டி இழுக்க இரும்புக் குழாய்க்குள் செருகியிருந்த கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தாள்.

காலையில் பிணவண்டிக்குச் சொல்லி அனுப்பியபோது, முன்னால் நான்கு சாவு இருக்கிறது, நாளைக்குத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். தகனக்கூடத்தில் கிடைத்ததோ இன்று மதியம் இரண்டு மணி. அதை விட்டால் அடுத்த நேரம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அம்மா சாந்தகுமாரிதான் வாயைத் திறந்தாள். "அவரு வண்டி நிக்குதே. அதுலயே கொண்டுபோவோம்."

அந்த வண்டி மூன்று வருடமாக லான்மடாவ் தெருவில் பட்டறை வாசலை ஒட்டி நின்றது. பிக்கப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்ன அறை. இரண்டு சக்கரம், தகரக் கூரை, இரண்டு ஜன்னல், ஒரு கதவு. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை. கரண்டு அடிக்கடி போகும் ஊரில் ஜெனரேட்டரைச் சக்கரத்தில் ஏற்றி இழுக்கிறவர்கள் எல்லோரும் மாரிச்சாமியிடம்தான் கொக்கி வைத்துக்கொள்வார்கள். பர்மாக்காரர்கள் அவரை மரியாதையாக 'ஊ மாரி' என்பார்கள். ஊ மாரி வைத்த கொக்கி கழன்றதாக யாரும் சொன்னதில்லை. மற்றவர்களுக்குச் செய்து செய்து, மிஞ்சிய இரும்பில் தனக்கென்று ஒன்று செய்துகொண்டார். அதை இழுத்துக்கொண்டு அம்மாவோடு சாவுந்தா கடற்கரைக்குப் போய், மணலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பத்து நாள் அதிலேயே படுத்து எழுந்து வரவேண்டும். அவ்வளவுதான் ஆசை. "சண்டை அடங்கி ரோடு கொஞ்சம் தெளியட்டும்" என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் சொன்னார். ரோடு தெளியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் பட்டறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

நேற்று விடிந்ததும் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். டாக்சியில் அவரால் உட்கார முடியாது. "நம்ம கட்டில்ல படுத்துக்கிறேன், இழுத்துக்கிட்டுப் போ" என்று அவரே சொன்னார். மூச்சுக்கு நடுவில் இன்னொன்றும் சொன்னார்.

"புஷ்பா, கொக்கி கீழ் பார்த்துக் கெடக்கு. ஜெனரேட்டர் வண்டிக்குப் போட்டது. திருப்பிப் போடு. ஆள் ஏறின பிறகு அள. தரைக்கும் கொக்கிக்கும் ஒம்போது அங்குலம் இருக்கணும்."

அவள் குனிந்து பார்த்தாள். ஆணி துருவேறிப் பிடித்துக் கிடந்தது. டேப்பை வைத்தாள். வெறும் வண்டிக்கு எட்டரை இருந்தது. எட்டரை போதும் என்று நினைத்தாள். "திருப்பிட்டியா?" என்று உள்ளே இருந்து கேட்டவரிடம், "ஆச்சுப்பா" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் ஏறிய பிறகு அவள் அளக்கவில்லை.

கியாக்டடா பேட்டையைத் தாண்டி, குழாய் போடத் தோண்டி மூடிய இடத்தில் ரோடு முதுகு போல் எழும்பியிருந்தது. பிக்கப் ஏறி இறங்கியது. பின்னால் வந்த கொக்கி மேட்டில் மோதி, தாரைக் கீறியது; கழற்றி நிறுத்தும்போது வண்டியைத் தாங்கும் இரும்பு முன்கால் அடுத்த பள்ளத்தில் குத்தி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கடப்பாரையோடு அடியில் புகுந்தாள். பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்த ஒன்றை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவளும் அப்பாவும் முன்பே ஒரு ஏற்பாடு பேசி வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கிறவர் சுவரில் ஒரு தட்டு தட்டினால் போகலாம். இரண்டு தட்டினால் நிறுத்து. அவள் முகத்துக்கு மேலே, தகரத்தில், இரண்டு தட்டு கேட்டது. நிதானமாக, இடைவெளி விட்டு. கையில் ரத்தம், பின்னால் பஸ்களின் ஹாரன். "நின்னுதானே கெடக்கு! கொஞ்சம் சும்மா இருக்கியா!" என்று கத்தினாள். பிறகு தட்டவில்லை. கொக்கியை விடுவித்து எழுந்து கதவைத் திறந்தபோது அப்பாவுக்கு மூச்சு இல்லை.

இப்போது அதே கொக்கியை மேல் பார்த்துச் செருகி, புது ஆணி போட்டு, வண்டியை மாட்டி, முன்காலை முழுக்கச் சுற்றி மேலே ஏற்றினாள். பக்கத்து வீட்டு சாயிமா டீ கொண்டுவந்து கீழே குனிந்து நீட்டினாள். "ஒரு வாய் குடி புஷ்பா. நேத்துலேர்ந்து வயிறு காயுது." புஷ்பலதா டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். மழைத் தூறல் அதில் விழுந்தது.

பன்னிரண்டரைக்குப் பாடையைத் தூக்கினார்கள். வண்டிக்குள் கட்டிலின் மேல் வைத்து, கட்டிலோடு சேர்த்துச் சுவர்க் கம்பியில் இரண்டு இடத்தில் கயிற்றால் கட்டினார்கள். இரண்டு பேர் கூட ஏறிக்கொண்டார்கள். நல்லையா கதவைச் சாத்தப் போனார்.

"இருங்க சித்தப்பா. அளக்கணும்."

"என்ன அளக்கணும்?"

அதற்குள் அவள் மறுபடி தரையில் படுத்துவிட்டாள். தெரு முழுக்க ஆட்கள். பக்கத்துப் பேட்டை லத்தாவிலிருந்து வந்திருந்த சீனக் கடைக்காரர்கள் இரண்டு பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், "புள்ளைக்கு மூளை கலங்கிருச்சு" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. டேப்பின் நுனியைத் தரையில் ஊன்றிக் கொக்கியின் அடிவரை இழுத்தாள்.

எட்டேகால்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எட்டேகால்தான். அவருடைய கனம் முழுக்க முன்னால் விழுகிறது. பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கியிருக்கிறது.

எழுந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பாவ ஒரு அடி பின்னால தள்ளணும்."

யாரும் அசையவில்லை.

"ரெண்டு மணிக்கு நேரம் குடுத்திருக்காங்க புஷ்பா," நல்லையாவின் குரல் உடைந்தது. "கட்டுன கயித்த அவுக்கிறது நல்லதில்ல. அண்ணன் போகட்டும், விடு."

"அளக்கட்டும்," என்றாள் அம்மா. பிக்கப்பின் முன் இருக்கையில் அவள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அவரும் அப்படித்தான் செய்வாரு."

கயிற்றை அவிழ்த்தார்கள். கட்டில் கால் தரையில் உரசப் பின்னால் நகர்ந்தது. "போதும், போதும். ரொம்பப் போனா வால் தொங்கும்," என்று புஷ்பலதா சொன்னாள். சொன்ன பிறகுதான் அது அப்பா பேசுகிற மாதிரியே இருந்தது தெரிந்தது. அருகில் நின்ற ஒரு கிழவர் அவளைச் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அவள் படுத்தாள். டேப்பை இழுத்தாள். ஒன்பதைத் தாண்டி ஒரு கோடு.

அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், அரை கை உயரத்தில், அப்பாவின் முதுகு இருந்தது. காது தன்னால் கூர்மையானது. மழைதான் விழுந்தது.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு…" என்று ஆரம்பித்த நல்லையா அங்கேயே நிறுத்தினார். இந்த வண்டியைக் கட்டிப் பின்னால் எடுக்க அந்தத் தெருவில் இப்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் வண்டிக்குள் ஏறி அண்ணனின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

மெதுவாகத்தான் ஓட்டினாள். கண் ரோட்டைவிடக் கண்ணாடியில்தான் அதிகம் இருந்தது. கண்ணாடியில் தகரச் சுவரும், ஒரு ஜன்னலும், ஜன்னலில் அசையும் திரையும் தெரிந்தன. ஒரு சிக்னலில் திரை விலகியது. உள்ளே ஒரு கை. சித்தப்பாவின் கை என்று தெரிந்தும், பச்சை விழும்வரை அதையே பார்த்தாள்.

அந்த மேடு வந்தது. நேற்றுக் கொக்கி கீறிய தடம் தாரில் வெள்ளையாக இருந்தது. முதல் கியருக்கு மாற்றினாள். முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரம் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வண்டி ஒருமுறை பின்னால் நிமிர்ந்து, முன்னால் குனிந்து, சத்தமில்லாமல் தாண்டியது.

"நேத்து இங்கதானே?" என்றாள் அம்மா.

"ம்."

"நீ கீழ கெடந்துக்கிட்டு யாரையோ கத்தினியே. யார?"

புஷ்பலதாவின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. 

"அப்பாவத்தாம்மா. ரெண்டு தட்டு தட்டினாரே. சும்மா இருன்னு கத்திட்டேன்."

அம்மா முன்னால் ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். வைப்பர் போய் வந்தது.

"தட்டலியே."

"எனக்குக் கேட்டுச்சும்மா. ரெண்டு தட்டு."

"யாரும் தட்டல. அவரு கை ரெண்டும் என் மடியில இருந்துச்சு." அம்மா தன் மடியைப் பார்த்தாள். "சூலே பகோடாவச் சுத்தித் திரும்பினியே, அங்கயே கை கனத்துப் போச்சு. எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"அங்கயேவா?"

"அங்கயேதான்."

"ஏம்மா நீ தட்டல?"

"நீ ஓட்டிக்கிட்டு இருந்த." அம்மா சொன்னாள், "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவரக் கொண்டுபோறோம்னு நீ நெனச்சிக்கிட்டு ஓட்டட்டும்னு இருந்தேன். அது வரைக்கும் அவரு என்கிட்ட இருக்கட்டும்னும் இருந்தேன்."

 புஷ்பலதா ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டாள். கண்ணாடியில் கூரையும் வானமும் மட்டும் தெரிந்தன.

தகனக்கூடத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. நல்லையா கொள்ளி வைக்கிற முறைக்கு ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி நெஞ்சில் வைத்தார். இரும்புக் கதவு ஏறியது, இறங்கியது. சாம்பலுக்கு நாளை காலை வரச் சொன்னார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

புஷ்பலதா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது பிக்கப்பின் முன் இருக்கையில் அம்மா இல்லை. மழை வலுத்திருந்தது. வண்டியைச் சுற்றி வந்தாள். பின் கதவு பாதி திறந்திருந்தது. படியில் அம்மாவின் ரப்பர் செருப்பு இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

உள்ளே கட்டிலில், உதிர்ந்த பூக்களை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முந்தானை முதுகில் ஈரமாக ஒட்டியிருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது. அந்தக் கட்டிலில் அவள் படுப்பது அதுதான் முதல் தடவை. பாதி இடத்தில்தான் படுத்திருந்தாள்.

புஷ்பலதா கதவைச் சாத்தவில்லை. படியில் உட்கார்ந்தாள்.

பின்னால் ஒரு பிணவண்டி வந்து நின்றது. அதன் பின்னால் இரண்டு கார்கள். டிரைவர் ஹாரனை ஒருமுறை அமுக்கினார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வழியை மறித்து நிற்கிறது, கொஞ்சம் நகர்த்துங்கள் அக்கா என்று பர்மியில் சொன்னார்.

"ஒரு பத்து நிமிஷம்," என்று அவளும் பர்மியில் சொன்னாள். "உள்ள ஆள் தூங்குறாங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தலைக்கு மேலாகக் கதவுக்குள் எட்டி, கட்டில் முனையில் தெரிந்த இரண்டு பாதங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மழையில் திரும்பி நடந்து போய்த் தன் வண்டியின் என்ஜினை அணைத்தார்.