இரண்டாவது பயணம்

நீலச் சீருடையின் மூன்றாவது பொத்தான் போடவே வரவில்லை. தங்கை இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து முதுகுப் பக்கத்தை நீளவாக்கில் வெட்டினாள். இப்போது முன்னால் எல்லாம் கச்சிதமாக இருந்தது.

"உடம்பை ஏத்தாதேன்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டியா நீ?"

அக்காவின் இடது காதருகே குனிந்து உரக்கத்தான் சொன்னாள். முப்பது வருஷப் பழக்கம். வீட்டில் எல்லாருமே அந்தப் பக்கம் கத்தித்தான் பேசுவார்கள்.

விண்வெளித் துறையிலிருந்து வந்த இளம்பெண் கதவைத் தட்டினாள். "பத்தரைக்கு வண்டி எடுக்கணும்மா. பள்ளிக்கூடப் பிள்ளைங்க ரோட்டுல நிக்கறாங்க."

இந்த நாட்டிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் பெண் நேற்று மதியம் குறுக்கெழுத்துப் புதிரைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். மேலே இருந்தது மொத்தமே பதினோரு நாள். ஏழாவது நாள் குடும்பத்தோடு பேச நான்கு நிமிஷம் கொடுத்தார்கள். அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுததிலேயே இரண்டு நிமிஷம் போய்விட்டது. தங்கை பிடுங்கி, "எப்படி இருக்கே?" என்றாள்.

"நம்ம ஊர் மேலதான் போயிட்டிருக்கேன். பெரிய மேகம் ஒண்ணு வருதுடி. மொட்டைமாடித் துணியெல்லாம் எடுத்துரு."

அரை மணி நேரத்தில் மழை கொட்டியது.

தங்கைக்கு இப்போது அதைச் சொல்லி யாராவது ஒருவரோடு சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அந்தக் காலத்தில் விண்வெளிப் பயணிகளைப் பரிசோதித்த டாக்டர் கூடத்தில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொன்னாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அந்தப் பாழாப்போன காது மட்டும் நல்லா இருந்திருந்தா இன்னொரு தடவை போயிருப்பா டாக்டர்" என்றாள்.

"எந்தக் காது?"

"இடது காது. அதனாலதானே ரெண்டாவது தடவை நீங்க கழிச்சு விட்டீங்க?"

டாக்டர் கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ரெண்டு காதும் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தானே பாத்தேன்" என்றார் மெதுவாக. "அவங்களே வந்து பேரை எடுத்துடச் சொன்னாங்க. வீட்டுல ஒருத்தரைப் பாத்துக்கணும்னாங்க. யாருன்னு நான் கேக்கலை."



தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதுக்கு ஐந்து மாதம் அசையாமல் படுத்திருக்கச் சொன்ன வருஷம் அது. கணவன் கப்பல் வேலையில் எங்கோ கடலில் இருந்தான். ஒரு காலையில் அக்கா பெட்டியோடு வந்து நின்றாள். "காது சரியில்லைன்னு அனுப்பிட்டாங்கடி. இனிமே உனக்குச் சமைச்சுப் போடறதுதான் உத்தியோகம்." பாலைக்கூடத் தீய்த்தாள். கேட்டால், "அங்க எல்லாம் பாக்கெட்டுல வரும். இங்க அடுப்புன்னு ஒண்ணு வேற இருக்கே" என்பாள். வந்த மூன்றாம் மாதம், அவளுக்குப் பதில் போனவர் கிளம்புவதை டி.வி.யில் காட்டினார்கள். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கையின் வீங்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே பார்த்தாள். ராக்கெட் மறைந்த பிறகும் வெகுநேரம் டி.வி.யை அணைக்கவில்லை. "செவிட்டு அக்கா, அந்தச் சத்தத்தைக் குறை" என்று அன்று கேலி செய்தது தங்கைதான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் அவள் மகன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயது. முன்வழுக்கை விழத் தொடங்கிவிட்டது.

"தெரியாதா உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"டீ ஆறிப்போச்சு. வேற கொண்டு வரேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓட ஓட அங்கேயே நின்றாள்.

பத்தரைக்கு அக்காவைப் பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றினார்கள். முன்னால் போகும் காரில் இடம் ஒதுக்கியிருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். தங்கை கேளாதவள்போல் பெட்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"போலாமாம்மா?" என்றார் டிரைவர்.

"ம். மெதுவாவே போங்க."

தெருமுனை வேகத்தடையில் சக்கரம் ஏறியபோது பெட்டி லேசாக எழும்பியது. தங்கை இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.