எப்சிபாவுக்கு வந்த தாகம்

பல வருஷங்களுக்கு முன்னால் அப்பாதுரை விட்டொழித்த குடி, போன குடியரசு தினத்தன்று மத்தியானம் எப்சிபாவின் தொண்டையில் வந்து இறங்கியது. அவள் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்தவள் அல்ல. வேங்கிக்காலில் தகரக் கூரை போட்ட ஜெபவீடு ஒன்றை நடத்திவந்தாள். பெண்கள் குடிகாரப் புருஷன்மாரை அங்கே இழுத்து வருவார்கள். அவள் தலையில் கைவைத்து ஜெபிப்பாள், வாந்தி எடுத்தால் துடைப்பாள், நடுக்கம் தீரும்வரை கூடவே உட்கார்ந்திருப்பாள். பாதிப் பேராவது தேறினார்கள்; ஆட்டோ ஓட்டும் அப்பாதுரையும் அவர்களில் ஒருவன். யார் புகழ்ந்தாலும், "நான் யாருங்க? கர்த்தர் செஞ்சது" என்பாள்.

அன்றைக்கு அவளுக்குப் பாராட்டு விழா. சால்வை போர்த்தி, "இந்தம்மா இல்லன்னா இத்தனை குடும்பம் நடுத்தெருவுல நின்னிருக்கும்" என்று மைக்கில் சொன்னார்கள். வாய் வழக்கமான பதிலைச் சொல்லியது. உள்ளே மட்டும் ஏதோ ஒன்று, 'நிஜந்தானே' என்று தலையாட்டியது. மேடையை விட்டு இறங்குவதற்குள் அவள் நாக்கு வறண்டுவிட்டது.

குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். அப்பாதுரையின் தாகத்துக்குப் பின்னால் அவனைப் போலவே அங்கே தேறிய முருகவேலின் தாகம் வந்தது, பிறகு செங்கம் ரோட்டு ஆட்டோக்காரர்களுடையவை வந்தன. எது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. பங்குனிக்குள் தெருவின் போர்க்கிணறுகள் வற்றின. குழாய் பார்க்க வந்தவர்கள் கசிவு எதுவும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். ஒருநாள் காய்கறி வாங்கப் போனவள், ஒயின்ஷாப் கம்பிக்குள் ஒரு கை நீண்டிருப்பதைக் கண்டாள். அது தன் கைதான் என்று புரிந்ததும் ஓடினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, "என்னால ஒண்ணுமே ஆகல, எல்லாம் அவர்தான்" என்று அழுதாள். "எவ்ளோ தாழ்மை பாருங்க" என்று சபை உருகியது. அது அவளுக்கு இனித்தது. தாகம் இன்னும் ஜாஸ்தியானது. மனத்தாழ்மையைக்கூடத் தான் திருடிக்கொள்வதைக் கண்டு பயந்தாள். பக்கத்து வீட்டு முன்னி பேகத்திடம் வீட்டை வெளியே பூட்டச்சொல்லி, சாவியையும் அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

சேதி கேட்டு அப்பாதுரை வந்து சாவியை வாங்கிக் கதவைத் திறந்தான்.

"கிட்ட வராத. உன் குடி எங்கிட்ட இருக்குது."

"அப்போ திருப்பிக் குடுத்துடுங்கக்கா."

"மறுபடியும் விழுந்துடுவ! உன்னத் தூக்கிவிட்டது நான்..." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க அந்த ஒரு வாரம் கூட இருந்தீங்க. மறக்கமாட்டேன். அதுக்கப்புறம் தினம் காலையில, இன்னைக்கு ஒருநாள் காப்பாத்து ஆண்டவரேன்னு கேட்டுட்டுதான் ஆட்டோவ எடுக்கறேன். அவர்தான் காப்பாத்தறார்."

அறை வாங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. அந்தக் காலைகள் எதிலும் அவள் இருந்ததில்லை. முதல்முறையாக இன்னொருவர் முன் தலையைக் குனிந்தாள். அவன் கைவைத்து ஜெபித்தான். அவள் வாந்தி எடுத்தாள், அவன் துடைத்தான். அவள் வாயிலிருந்து வந்த தண்ணீர் வாசல் தாண்டித் தெருவில் ஓடியது. மறுநாள் எல்லாப் போரிலும் தண்ணீர் ஏறியிருந்தது.

இப்போதும் ஜெபவீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். எப்சிபா பயந்துகொண்டேதான் தலையில் கை வைக்கிறாள். யாராவது அவளைப் பாராட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், தெருக்காரர்கள் முதல் நாளே தொட்டிகளை நிரப்பி வைத்துக்கொள்கிறார்கள்.